தண்ணி டேங்க் ஓரம், இரவு ஒன்பது மணி

மனப் பிரச்சினைக்கு ஆன்லைனில் தெரபி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்க உட்கார்ந்து பேசுவீங்க?"

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீடு. முன்னறை, பின்னறை, ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான். முன்னறையில் அம்மா சீரியல் பார்ப்பார். பின்னறையில் பையன் ஹோம்வொர்க் எழுதுவான். பாத்ரூமில் பேசினால் எதிர் வீட்டுக்குக் கேட்கும். அதனால் மொட்டை மாடி. சின்டெக்ஸ் டேங்குக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுடைய புறாக் கூண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. வாரம் ஒரு நாள், இரவு ஒன்பது மணி, ஐம்பது நிமிடம். டேங்க் நிரம்பி வழிந்தால் மட்டும் "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவேன்.

எனக்கு வேலை மண்ணடியில், தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். இறக்குமதிச் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் படிவம் போடுகிற வேலை. ஒரு எண் தப்பினால் கன்டெய்னர் நிற்கும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும், சரக்குக்காரர் கத்துவார். பதினோரு வருடமாக அதுதான் சாப்பாடு. ஆகவே டென்ஷன் எனக்குப் புதிதில்லை. 2024 பிப்ரவரியில் மெட்ரோவில் வந்தது வேறு.

தேரடியில் ஏறினால் காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புதுவண்ணாரப்பேட்டை வரைக்கும் வண்டி மேலேயே ஓடும். வெயில் அடிக்கும், வீட்டு மாடிகள் தெரியும். அதற்கப்புறம் தண்டையார்பேட்டைக்குப் பூமிக்குள் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்துவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. தண்டையார்பேட்டையில் இறங்கி, மேலே வந்து, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பூக்கார அம்மா தண்ணீர் கொடுத்தார். அன்று ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். அடுத்த வாரம் இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஈசிஜி, ஒரு எக்கோ. எல்லாம் நார்மல். "டென்ஷன்தான், போங்க" என்றார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

நான் மெட்ரோவை விட்டேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிறகு பஸ்ஸிலும் ஜன்னல் சீட்டு கிடைத்தால்தான் ஏறுவது. சட்டைப் பையில் நெஞ்சுவலிக்குப் போடுகிற சார்பிட்ரேட் மாத்திரை ஒரு அட்டை, பையில் தண்ணீர் பாட்டில். இரண்டும் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டேன். கூடவே இன்னொன்று சேர்ந்துகொண்டது. மனைவிக்குப் போன் போடுவது. அவர் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங். கவுன்டரில் போனை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் எனக்குள் கதை ஓடும்: ஆக்சிடென்ட், மயக்கம், தீ. எடுக்கிற வரைக்கும் போடுவேன். எடுத்ததும், "ஒண்ணுமில்ல, சும்மாதான்." அவருக்கு எரிச்சல் வரும், எனக்குக் கோபம் வரும், இரவில் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவோம். இப்படி நான்கு மாதம்.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒருவனைக் கிண்டல் பண்ண "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றால் போதும். 1794-இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையின் பெயரையே வசவாக வைத்திருக்கிறோம். ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். எனக்குத் தெரியும். ஆனால் அங்கே ஓபி வரிசையில் நின்றால் நம் தெரு ஆள் ஒருத்தர் எதற்காகவாவது அங்கே வந்திருப்பார். போனில் என்றால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்தக் கோழைத்தனத்தினால்தான் ஆன்லைனுக்கு வந்தேன்.

முதலில் அமைந்தவர் சரிப்படவில்லை. பாதிக்கு மேல் ஆங்கிலம். காலையில் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் நடங்கள் என்றார். எங்கள் தெருவில் விடியற்காலையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும். இரண்டு தடவை பேசிவிட்டு நிறுத்தினேன். மூன்று வாரம் குற்றவுணர்ச்சி வேறு, நம்மால்தான் முடியவில்லை என்று. இப்போது தெரிகிறது, தெரபிஸ்ட்டை மாற்றுவது டெய்லரை மாற்றுவது மாதிரிதான். ஒருவர் தைத்தது பொருந்தவில்லை என்றால் நம் உடம்பில் கோளாறு என்று அர்த்தமில்லை.

இரண்டாவது தேடும்போது கொஞ்சம் விவரமாகத் தேடினேன். "கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தருவார்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரை விட்டுவிடலாம். சைக்யாட்ரிஸ்ட் வேறு, அவர் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், எழுதக் கூடாது. இந்த வித்தியாசம் முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு அமைந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு அமர்வுக்கு 800 ரூபாய். முதல் நாள் வீடியோ கட்டாயம் என்றார். நான் இப்போது எந்த முகவரியில் இருக்கிறேன், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் பேச்சையே ஆரம்பித்தார். "நான் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கேனுங்க, கதவைத் தட்ட முடியாதில்லீங்களா" என்றார். இதைக் கேட்காமல் ஆரம்பிக்கிற ஆன்லைன் தெரபிஸ்ட்டை நான் நம்பமாட்டேன். லைன் கட்டானால் ஐந்து நிமிடத்துக்குள் சாதாரண காலில் அவரே கூப்பிடுவார் என்பதும் அன்றே பேசி வைத்துக்கொண்டது. எங்கள் மாடியில் அது மாதம் இரண்டு தடவையாவது உதவியது. வயர் வைத்த ஹெட்செட் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு கேள்வித்தாள். ஒன்று ஜிஏடி-7, பதற்றத்துக்கு ஏழு கேள்வி, மொத்தம் 21 மதிப்பெண். எனக்கு 17. இன்னொன்று பிஎச்க்யூ-9, மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி, மொத்தம் 27. எனக்கு 13. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நல்ல மார்க் வாங்கியதில்லை என்றேன். சிரித்தார். ஆனால் ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டார். உயிரோடு இல்லாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம் உண்டா என்று கேட்கிற கேள்வி அது. "சில நாட்கள்" என்று போட்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சாகணும்னு தோணுதுங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசித்ததில்லை, பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஓரத்தைப் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான் என்றேன். சொன்னதும் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. 14416 எண்ணை போனில் போட்டு வைக்கச் சொன்னார். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் அது, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஒரு தடவை விடியற்காலை மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

தைராய்டுக்கும் ரத்த அளவுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடப்பு வரும், அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றார். சரியாகத்தான் இருந்தது.

மொழிதான் வேடிக்கை. ஒரு நாள், "மேனேஜர் மேல செம காண்டு மேடம்" என்றேன். "காண்டுன்னா கோபங்களா?" என்றார். யோசித்தேன். கோபம் இல்லை. கோபத்துக்கு முன்னால், சொல்ல முடியாமல் உள்ளேயே சூடாகிக்கொண்டு இருப்பதுதான் காண்டு. "பேஜாரு"ன்னா? அது சலிப்பு மட்டும் இல்லை, சலிப்போடு மாட்டிக்கொண்ட உணர்ச்சி. இப்படி ஒவ்வொரு சொல்லாக அவருக்கு விளக்கப்போய், எனக்கு வருவது எல்லாமே "டென்ஷன்" இல்லை என்று எனக்கே புரிந்தது. எங்கள் ஏரியா ஆளாக இருந்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். தூரத்து ஆள் என்பதில் இப்படி ஒரு லாபம்.

நஷ்டமும் இருந்தது. நான்காவது அமர்வில், மனைவிக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயத்தைப் பேசும்போது, "நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்குதுங்க? நூத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே காண்டாகிவிட்டது. "மேடம், இங்க நடந்துச்சு."

2023 டிசம்பர். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் வெள்ளம். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய். அது வழித்து முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நாங்கள் அன்று பெரியகுப்பம் பக்கம் மாமியார் வீட்டில் படுத்திருந்தோம். கண் எரிந்து எழுந்தோம். தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி. ஊரே ரோட்டில் ஓடியது. நான் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். மனைவி தன் அம்மாவை எழுப்பப் போனவர் கூட்டத்தில் எங்கேயோ. அரை மணி நேரம் போன் போட்டேன். எடுக்கவில்லை. கிடைத்துவிட்டார், எல்லாருக்கும் ஒன்றுமில்லை, மறுநாள் கண் சிவப்பு மட்டும்தான். அதை நாங்கள் பேசவே இல்லை. இரண்டு மாதம் கழித்து மெட்ரோ சுரங்கத்தில் மூச்சு முட்டியபோது இதையும் அதையும் நான் முடிச்சுப் போடவில்லை.

சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நான் கேட்ட கேள்வி தப்புங்க" என்றார். படித்தவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பயத்தை இரண்டாகப் பிரித்தார். நிஜமாக வரக்கூடிய ஆபத்துக்குத் திட்டம் வேண்டும், தினசரிக் கவலைக்கு வேறு வைத்தியம். திட்டத்தை நானும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அமோனியா தண்ணீரில் கரையும், ஆகவே ஈரத்துணியால் மூக்கு வாயை மூட வேண்டும். காற்று வருகிற திசையைப் பார்த்து, புகை போகிற பாதையை விட்டுக் குறுக்கே விலக வேண்டும். பிரிந்துவிட்டால் சந்திக்கிற இடம் இது. பையன் பொறுப்பு யாருக்கு, பெரியவர்கள் பொறுப்பு யாருக்கு. தாள் இன்னும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வேன்: உங்கள் பயத்துக்கு ஊரில் நிஜமான காரணம் இருந்தால் தெரபிஸ்ட்டிடம் அதைச் சண்டை போட்டாவது சொல்லுங்கள். அவர்களுக்கு எண்ணூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தினசரிக் கவலைக்கு வைத்தியம் கசப்பாக இருந்தது. முதலில் கால் லாக் எண்ணச் சொன்னார். மனைவிக்கு ஒரு நாளில் பதினான்கு கால். நான் ஐந்தாறு இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் எடுத்து "இருக்கேன்" என்று சொன்னதும் எனக்கு நிம்மதி வருகிறதல்லவா, அந்த நிம்மதிதான் அடுத்த பயத்துக்குத் தீனி என்றார். கூப்பிடத் தோன்றினால் இருபது நிமிடம் தள்ளிப்போட வேண்டும். அதற்குள் ஒரு சின்ன நோட்டில் என்ன நடந்துவிட்டது என்று நினைக்கிறேனோ அதை எழுத வேண்டும். மாலையில் எதிரில் நிஜமாக என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மூன்று வாரத்தில் 41 எழுதினேன். பலித்தது ஒன்று: "வண்டி வழியில் நின்றிருக்கும்." பஞ்சர்.

மெட்ரோவுக்கு ஸ்டேஷன் கணக்கு. முதல் வாரம் தேரடியிலிருந்து காலடிப்பேட்டை, இறங்கித் திரும்பி வருவது. பிறகு புதுவண்ணாரப்பேட்டை வரைக்கும். மேலே ஓடுகிற வரை பிரச்சினையில்லை. தண்டையார்பேட்டைதான் எல்லை. அங்கே படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட வேண்டும். இந்தப் பதற்றம் சர்ரென்று ஏறும், பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும், ஓடிவிட்டால் அது இறங்குவதை நாம் பார்க்கவே மாட்டோம் என்றார். முதல் தடவை பதினொரு நிமிடம். மண்ணடி தாண்டி, ஹைகோர்ட்டும் தாண்டி, சென்ட்ரல் போய்விட்டேன். சட்டை நனைந்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தேன். மூச்சை மெதுவாக விடுவதெல்லாம் முதலில் சொல்லித் தந்தார். பிறகு அதையும் விடச் சொன்னார், அது இன்னொரு சார்பிட்ரேட்டாக ஆகிவிடும் என்று. அந்த மாத்திரை அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் சொன்னார், இதய டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான். தண்ணீர் பாட்டிலை மட்டும் நான் விடவில்லை. சென்னை வெயிலில் அது நோய் இல்லை என்று வாதாடி ஜெயித்தேன்.

இதற்கு நடுவில் மாடியில் ஒரு கலாட்டா. புறா அண்ணன் ஒரு நாள் என் மனைவியிடம், "இன்னாம்மா, தம்பி டெய்லி நைட்டு மேல ஏறி ஒரு பொம்பளகூட பேசிக்கினுகீது, கண்டுக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டார். வாரம் ஒரு நாள் "டெய்லி" ஆகிவிட்டது. மனைவி இரவு சாப்பாடு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்: "யாரு அவ?" அதுவரைக்கும் நான் அவரிடம் சொல்லவே இல்லை. மூன்று மாதம். ஆபீஸ் கால் என்று சொல்லியிருந்தேன். ஜிபே-யில் மாதம் 3,200 போவதையும் அவர் பார்த்துவிட்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. "அந்தம்மாகிட்ட நானும் பேசணும்" என்றார்.

பேசினார். மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார், ஒரே ஒரு அமர்வுதான், தீர்ப்புச் சொல்ல மாட்டேன், தம்பதிக்கான தெரபி தேவை என்றால் வேறு ஒருவரிடம் அனுப்புகிறேன் என்று. மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காதில் ஹெட்செட். எனக்கு வந்த பயத்தையெல்லாம் மேடம் எடுத்துச் சொன்னார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "எல்லாம் சரிங்க மேடம். அன்னிக்கி நைட்டு எங்க அம்மாவத் தூக்கிக்கினு நான் தனியா ஓடனேன். என்னை யாரும் கேக்கல. இவரு போன் போட்டா நான் இருக்கேனான்னு பாக்கத்தான் போடுறாரு. எப்பிடி இருக்கேன்னு கேக்க இல்ல."

நான் 41 பயம் எழுதின நோட்டில் இது இல்லை.

மாத்திரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு மேலும் தூக்கம் சரியாகாததால் மேடமே சைக்யாட்ரிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரிக்கே போனேன், அந்த வரிசையிலேயே நின்றேன். நினைத்த மாதிரியே தெரு ஆள் ஒருவரைப் பார்த்தேன். அவரும் அதே வரிசையில்தான் நின்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை முதல் பத்து நாள் வயிற்றைப் பிரட்டியது, பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆனது. பிறகு நன்றாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். தலை கிறுகிறுத்து, மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி நான்கு நாள். டாக்டர் திட்டவில்லை. திரும்ப ஆரம்பித்து, பல மாதம் கழித்து அவரே படிப்படியாகக் குறைத்தார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது மாதம் ஒரு தடவைதான் பேசுகிறோம். கடைசியாகப் போட்ட ஜிஏடி-7 கணக்கில் 17 ஆறாக இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் மாடி முடியாமல், நண்பனுடைய டாடா ஏஸ் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து பேசினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் மாடியைவிட அதுவே நல்ல அறை. இடம் இல்லாதவர்கள் முயன்று பார்க்கலாம்.

கால் லாக்கில் இப்போது நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. அதில் முதல் கேள்வி "சாப்ட்டியா?" கோபம் முழுதாகப் போகவில்லை, பேசாமல் சாப்பிடுகிற இரவுகளும் உண்டு. மெட்ரோவில் இன்னும் கதவோரம்தான் நிற்கிறேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு மனைவியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு புள்ளி வரும். வெறும் புள்ளி. நான் கேட்டதில்லை, அவராகவே ஆரம்பித்தது. இதை மேடமிடம் சொன்னபோது, அதுவும் ஒரு வகையில் நிம்மதித் தீனிதானுங்க, அடுத்த மாதம் பேசலாம் என்றார். அடுத்த மாதம் அதை நான் எடுக்கவில்லை. அவரும் மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்.